ஜெயந்தி மிஸ் உங்கள் மாணவியாம், அப்பா

என் அப்பாவுக்கு,

அன்போடும், அதில் பாதியளவு கோபத்தோடும் எழுதுகிறேன். அன்பை முதலில் சொல்லிவிடுகிறேன். கோபம் எப்படியும் தானாக வந்து சேரும்.

அம்மா நலம். உங்கள் சைக்கிளை விற்றுவிடலாம் என்று யார் சொன்னாலும் சண்டைக்கு வந்துவிடுகிறாள். இந்த மழைக்கு சிட்லபாக்கம் ஏரி நிரம்பி, தெருமுனை வரை தண்ணீர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. நான் அதே சானடோரியம் ஸ்டேஷனில் ஏறி, அதே மீட்டர் கேஜ் ரயிலில் தொங்கிக்கொண்டு பீச் வரை போய் வருகிறேன். உங்கள் பேத்தி நித்யா ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். கணக்கில் உங்களை உரித்து வைத்திருக்கிறாள். இந்தக் கடிதமே அவளால்தான்.

புதன்கிழமை சாயங்காலம் நான் ஆபீசிலிருந்து வரும்போது வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை.

"அப்பா, இன்னிக்கு எல்.சி.எம். கிளாஸ்ல எனக்கு மட்டும்தான் ஆன்சர் தெரிஞ்சுது. தெரியாதவங்க எல்லாரையும் நான்தான் குட்டினேன். கை பாருங்க, எப்படி சிவந்திருக்கு."

நடுவிரல் முட்டியைக் காட்டினாள். யார் குட்டச் சொன்னது என்று கேட்டேன்.

"ஜெயந்தி மிஸ்தான். அவங்க ஸ்கூல்ல படிக்கும்போது தாத்தாதான் மேத்ஸ் சாராம். தாத்தா கிளாஸ்லயும் இப்படித்தானாம். அதனாலதான் எனக்குக் கணக்கு இன்னும் மறக்கலன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாங்கப்பா."

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. உங்கள் படத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். என் மனைவி மட்டும், "ஏன் ஒரு மாதிரி ஆயிட்டீங்க?" என்றாள். தலைவலி என்றேன். கை ஏற்கெனவே தலைக்குத்தான் போயிருந்தது.

அப்பா, நாம் இரண்டு பேரும் கடைசி வரை பேசாமலே விட்ட ஒரு விஷயம் உண்டு. உங்களுக்கு அதில் பாதி தெரியும், எனக்குப் பாதி தெரியும். இனி நீங்கள் குறுக்கே பேச முடியாது என்ற தைரியத்தில் முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

எட்டாம் வகுப்பில் நான் உங்கள் மாணவனாக வந்து உட்கார்ந்தேன். கிழக்குத் தாம்பரத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தில் உங்களுக்கு இருந்த மரியாதை எனக்குத் தெரியும். வாத்தியார் மகனுக்குச் சலுகை என்று ஒருவரும் ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது என்பதில் அவ்வளவு குறியாக இருந்தீர்கள். கேட்டைத் தாண்டி உள்ளே வந்தால் உங்களை 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும். கேள்வி கேட்டால் என்னைக் கடைசியில்தான் கேட்பீர்கள். சைக்கிளில் என்னை ஏற்றிக்கொள்ளவே மாட்டீர்கள். மற்ற பிள்ளைகள் நடந்து போகும்போது வாத்தியார் மகன் மட்டும் கேரியரில் உட்கார்ந்து போவதா என்று அம்மாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. ஊரே உங்களை மெச்சியது. எனக்கு மட்டும் கால் வலித்தது.

அப்புறம் அந்தக் குட்டு. நீங்கள் கண்டுபிடித்த வழக்கம் இல்லைதான். அந்தக் காலத்தில் எல்லாப் பள்ளியிலும் இருந்தது. தெரிந்தவன் எழுந்து பதில் சொல்ல வேண்டும். சொன்னதும், தெரியாமல் நிற்பவர்கள் தலையில் வரிசையாகக் குட்டிக்கொண்டே போக வேண்டும். வாத்தியாருக்குக் கை வலிக்காது, பிள்ளைகளுக்குப் படிக்க ரோஷம் வரும். உங்கள் கணக்கு அதுதான். தப்பில்லாமல் போடுகிறவர் நீங்கள், இந்த ஒரு கணக்கில் மட்டும் ஏன் அப்பா ஒரு பக்கத்தை மட்டுமே பார்த்தீர்கள்?

என்னைக் கடைசியில் கேட்டதால் என்ன ஆனது தெரியுமா? எனக்கு முன்னால் வகுப்பு முழுக்க எழுந்து நின்றுகொண்டிருக்கும். நான் பதில் சொல்வேன். வீட்டில் நீங்கள் தினம் சொல்லிக்கொடுத்ததுதானே, சொல்லாமல் எப்படி இருக்க முடியும்? பிறகு ஒவ்வொரு பெஞ்சாகப் போய் எல்லோரையும் குட்டுவேன். மெதுவாகக் குட்டினால் விடமாட்டீர்கள்.

"என்னடா அது, கொசுவா விரட்டறே? நல்லா குட்டு."

வகுப்பு சிரிக்கும். குட்டு வாங்குகிறவனும் சேர்ந்து சிரிப்பான். அந்தச் சிரிப்பை நம்பித்தான் நீங்கள் மோசம் போனீர்கள்.

கடைசி பெஞ்சில் தனசேகர். எங்களைவிடப் பெரியவன், எட்டாம் வகுப்பிலேயே தங்கிவிட்டவன். ஏரிக்கு அந்தப் பக்கம் வீடு. விடியும் முன்பே தாம்பரம் மார்க்கெட்டில் காய்கறி மூட்டை இறக்கிவிட்டு வருவான். முதல் பீரியடில் கண் சொக்கும். அவன் எங்கே வீட்டுக்கணக்கு போடுவது? அவன் தலையை நான் குட்ட வேண்டுமென்றால் எனக்கு எட்டாது. 'குனிடா' என்பீர்கள், அவன் குனிவான். அவன் தோள் என் முகத்துக்கு நேராக வரும். தன்னில் பாதி உயரம் இருக்கிறவனிடம் தினமும் குனிந்து குட்டு வாங்கினான் அப்பா. அதுவும் பெண் பிள்ளைகள் பார்க்க.

பள்ளி விட்டு நீங்கள் பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் எடுப்பீர்கள். நான் தனியாக ஏரிக்கரை வழியாக நடந்து வருவேன். வேலிக்காத்தான் புதர் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு, பாதை திரும்புமே, அங்கே அவனும் இன்னும் சில பேரும் நிற்பார்கள். முதல் நாள் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்னாடா வாத்தியார் புள்ள, கை நோவுதா?" என்றான் தனசேகர். "நல்லா வுட்ட இன்னிக்கு. இப்ப நீ குனி."

குனிந்தேன். ஆளுக்கு ஒன்று. கிளாஸில் நான் வைத்ததைப் போலவே, அதே இடத்தில், நடுவிரலை முன்னால் நீட்டி மடக்கி. அடிப்பதில் அவர்களுக்கு ஒரு நியாயம் இருந்தது. அன்றைக்கு வகுப்பில் குட்டு வாங்காதவன் என்னைத் தொடமாட்டான். தனசேகர் கடைசியில் வருவான். அவனுடைய குட்டில் கண்ணில் பூச்சி பறக்கும்.

"சார்கிட்ட சொல்லிக்கினியா?" என்று மறுநாள் கேட்டான். இல்லை என்றேன். "சொல்லுடா, பரவால்ல. அப்பால பாரு."

எப்படிச் சொல்வேன்? பள்ளியில் சொன்னால் நீங்கள் சார். வாத்தியார் மகன் கோள் மூட்டினான் என்றாகிவிடும். வீட்டில் சொன்னால் மறுநாள் பள்ளியில் வந்து விசாரிப்பீர்கள். இரண்டில் எதைச் சொன்னாலும் ஏரிக்கரையில் நான் தனியாகத்தானே நடக்க வேண்டும்? சட்டைப் பொத்தான் போனால் ஆணியில் மாட்டிக்கொண்டது என்றேன். முழங்கை சிராய்த்தால் ஓடிப் பிடித்து விளையாடினோம் என்றேன். அம்மா நம்பினாள். பிள்ளைக்கு இவ்வளவு கூட்டாளிகள் இருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டாள்.

பிறகு எனக்கு ஒரு யோசனை தோன்றியது. தெரிந்தாலும் தெரியாது என்று சொல்லிவிட்டால்? சொன்னேன். "தெரியாது சார்." உங்கள் முகம் போன போக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. முந்தின நாள்தானே வீட்டில் அதே கணக்கைப் போட்டுக் காட்டியிருந்தேன். வேறு ஒரு பையன் பதில் சொன்னான், எனக்கும் சேர்த்துக் குட்டினான். தப்பித்தோம் என்று நினைத்தேன். சாயங்காலம் தனசேகர் வழக்கத்தைவிடக் கோபமாக இருந்தான்.

"இன்னாடா, பாவம் பாக்கிறியா எங்களப் பாத்து? தெரிஞ்சிக்கினே தெரியாத மாதிரி படம் காட்டறியா?"

அன்று விழுந்த குட்டுதான் வீங்கிவிட்டது. இரவு வீட்டில் நீங்கள் கணக்குப் புத்தகத்தோடு காத்திருந்தீர்கள்.

அந்தச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். அதில் மட்டும் நீங்கள் சார் இல்லை. கிணற்றடியில் முக்காலி போட்டு என்னை உட்காரவைத்து, நல்லெண்ணெயைக் காய்ச்சிக் கொண்டுவந்து உச்சியில் வைத்துப் பரபரவென்று தேய்ப்பீர்கள். வாரம் முழுக்க அதற்காகக் காத்திருப்பேன். அன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று அடம்பிடித்தேன். இழுத்துக்கொண்டு போனீர்கள். உங்கள் விரல் உச்சந்தலையில் வந்ததும் நின்றுவிட்டது.

"என்னடா இது?"

"விழுந்துட்டேன்ப்பா."

"உச்சந்தலை தரையில பட எப்படிடா விழுந்தே? தலைகீழாவா?"

உங்கள் விரல் மெதுவாக அந்த வீக்கத்தைச் சுற்றி வந்தது. பக்கத்திலேயே பழைய வீக்கம், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. "தனசேகரா? ஏரிக்கரையிலயா?" என்றீர்கள். நான் இன்னும் குனிந்துகொண்டேன். அதுவே போதுமாக இருந்தது. சீயக்காய் போட்டு அலசும்போது கண்ணில் படாமல் நெற்றியில் கையை அணை கட்டிக்கொண்டீர்கள். அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு பக்கம் தோன்றியது. இன்னொரு பக்கம், ஞாயிறு முழுக்க சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை நீங்கள் புத்தகத்தைத் திறக்கவில்லை.

"தனசேகர், முன்னாடி வா. முட்டி போடு."

போட்டான். என்ன ஏது என்று அவன் கேட்கவே இல்லை. பிறகு என்னைக் கூப்பிட்டீர்கள். "ஏரிக்கரையில இவன் உனக்குக் குட்டினான் இல்ல? எவ்வளவு குட்டினானோ அவ்வளவும் திருப்பிக் குட்டு. இப்பவே. எல்லாரும் பார்க்கட்டும்."

மற்றவர்களையும் நீங்கள் விட்டிருக்கமாட்டீர்கள், அடுத்து அவர்கள்தான் என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது. நான் போய் நின்றேன். முட்டி போட்டதால் முதல் முறையாக அவன் தலை எனக்குக் கீழே இருந்தது. முடியை ஒட்ட வெட்டியிருந்தான். உச்சியில் எனக்கு இருந்த மாதிரியே தடித்திருந்தது. அது என் கை வைத்தது அப்பா. ஒரு நாளில் வைத்ததும் இல்லை. நீங்கள் சொல்லச் சொல்ல நான் வைத்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு காத்துக்கொண்டிருந்தான்.

"மாட்டேன்ப்பா," என்றேன்.

"என்னடா சொன்னே?"

"மாட்டேன்."

வகுப்பில் உங்களை அப்பா என்று கூப்பிட்டதுதான் முதலில் உங்களுக்கு உறைத்ததா, மாட்டேன் என்றதா? இன்றுவரை எனக்குத் தெரியாது. உங்கள் கை மேலே போனது. பழக்க தோஷத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டேன். குட்டு விழுந்தது. சனிக்கிழமை நீங்கள் எண்ணெய் வைத்த அதே வீக்கத்தின்மேல்.

எனக்கு வலித்ததைவிட உங்களுக்கு அதிகம் வலித்திருக்க வேண்டும். கையை எடுக்கவே இல்லை நீங்கள். மடக்கிய விரல்கள் மெல்ல விரிந்து என் தலையிலேயே கிடந்தன. பிறகு நாற்காலியில் போய் உட்கார்ந்து, "எல்லாரும் அவங்கவங்க இடத்துக்குப் போங்க" என்றீர்கள். மணி அடிக்கும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அதற்குப் பிறகு உங்கள் வகுப்பில் குட்டு இல்லை. நீங்களும் குட்டவில்லை, யாரையும் குட்டச் சொல்லவும் இல்லை. ஏரிக்கரையிலும் யாரும் நிற்கவில்லை. என்னோடு யாரும் பேசவும் இல்லை. தனசேகர் மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. அதன்பின் வரவே இல்லை. நாமும் அடுத்த சனிக்கிழமை கிணற்றடியில் ஒன்றும் பேசாமல் எண்ணெய் தேய்த்துக்கொண்டோம்.

ஒன்று சொல்லட்டுமா? இன்றைக்கும் ஆபீஸ் மீட்டிங்கில் எனக்குத் தெரிந்த விஷயத்தைக் கேட்டால் வாயைத் திறக்கமாட்டேன். தெரியும் என்று சொன்னால் சாயங்காலம் என்ன நடக்குமோ என்று உள்ளே ஒன்று குனிந்துகொள்கிறது. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் பேசிப் பேசி மேலே போய்விட்டார்கள். நான் ஃபைலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களை எடுத்த அன்று தனசேகர் வந்திருந்தான். சேலையூர் பக்கம் டூவீலர் மெக்கானிக் ஷாப் வைத்திருக்கிறானாம். கையில் கிரீஸ் கறையோடு பாடைக்குத் தோள் கொடுத்தான். திரும்பி வரும்போது என் பக்கத்தில் நடந்து வந்தான்.

"சார் எங்க வூட்டாண்ட வந்தாரு, தெரியுமா? ஒரு தபா இல்ல, நெறய தபா. சைக்கிள் பெல் கேட்டாலே நான் பின்னால சந்துல பூந்து ஓடிருவேன். எங்கம்மாகிட்ட, பையன அனுப்புங்க, நான் தொடவே மாட்டேன்னு சொல்லிக்கினு நிப்பாரு."

எனக்கு அது தெரியாது. நீங்கள் சொல்லவே இல்லையே. அப்படியானால் ஏன் வரவில்லை என்று அவனைக் கேட்டேன்.

"அன்னிக்கு நீ குட்டிருந்தீன்னா மறுநாளு வந்துருப்பேன்டா. கணக்கு நேராயிருக்கும். நீ மாட்டேன்னுட்ட. அப்பால உன் மூஞ்ச எப்டிப் பாக்கறது?"

இதற்கு என்ன பதில் அப்பா? நான் செய்தது சரிதான் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் ஒருவன் படிப்பு அந்த இடத்தில் நின்றுபோனது. நீங்கள் இருந்திருந்தால் முதல் முறையாக இதை உங்களிடம் கேட்டிருப்பேன்.

இனி நித்யா. புதன்கிழமை அவள் குட்டியவர்களில் சங்கீதாவும் ஒருத்தி, வேனில் தினமும் இவள் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவள். வெள்ளிக்கிழமை நான் சீக்கிரமாகவே வீட்டுக்கு வந்துவிட்டேன். நித்யா வேனிலிருந்து இறங்கினாள். ஒரு பின்னல் அவிழ்ந்து தொங்கியது. நெற்றிக்கு மேலே சிவந்திருந்தது.

"ரிப்பன் எங்கம்மா?"

"காத்துல பறந்துடுச்சுப்பா."

அந்தக் காற்றை எனக்குத் தெரியும். என் பொத்தானைப் பிடுங்கிய ஆணிக்கு அது சொந்தம். நான் அதட்டவில்லை. அவளோடு வாசல்படியில் உட்கார்ந்து மற்றப் பின்னலையும் அவிழ்த்துவிட்டேன். விரலால் தலையைத் துழாவினேன். இன்னும் வீக்கம் ஒன்றும் இல்லை. முடியை இழுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆரம்பம் அப்படித்தானே இருக்கும்.

அவளாகவே கேட்டாள். "திங்கக்கிழமை எனக்கு ஆன்சர் தெரிஞ்சா நான் என்னப்பா பண்றது? தெரியாதுன்னு சொல்லிடட்டுமா?"

அப்பா, எனக்கு அப்போது உங்கள்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சட்டத்துக்குள் சந்தனப் பொட்டோடு சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். இங்கே உங்கள் பேத்தி, தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லக் கற்றுக்கொள்ளப் பார்க்கிறாள். உங்களைக் கழற்றி உள்ளே வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

பிறகுதான் ஒன்று புரிந்தது. ஜெயந்தி மிஸ் நான் எட்டாம் வகுப்புக்கு வருவதற்கு முன்பே பள்ளி முடித்துப் போனவர். அவர் பார்த்தது குட்டச் சொன்ன சாரை. என் தலையில் வைத்த கையை எடுக்க முடியாமல் நின்ற சாரை அவர் பார்க்கவில்லை. தனசேகர் வீட்டு வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கெஞ்சிய சாரையும் பார்க்கவில்லை. உங்களை மறக்காமல், உங்கள்மேல் இருக்கிற மதிப்பில்தான் இதைச் செய்கிறார். உங்கள் பெயரைச் சொல்லிச் செய்வதை, உங்கள் பெயரைச் சொல்லித்தான் நிறுத்த முடியும்.

நாளை திங்கட்கிழமை. காலை ரயிலை விட்டுவிடப் போகிறேன். சைக்கிளைத் துடைத்துக் காற்றடித்து வைத்துவிட்டேன். அம்மா கேரியரில் போட ஒரு பழைய துண்டை மடித்துக் கொடுத்தாள். நித்யாவை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை வழியாகவே போகிறேன். நீங்கள் என்னை ஏற்றாத அந்தக் கேரியரில் அவள் உட்கார்ந்து வருவாள். ஜெயந்தி மிஸ்ஸிடம் உங்கள் மிச்சக் கதையைச் சொல்வேன். பயமாகத்தான் இருக்கிறது, எனக்கு வாத்தியார்களிடம் பேசிப் பழக்கமில்லை. குரல் நடுங்கினாலும் நடுவில் நிறுத்தமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நித்யாவிடம் பதிலும் சொல்லிவிட்டேன். "தெரிஞ்சா கையைத் தூக்கும்மா. ஆன்சரைச் சொல்லு. குட்டச் சொன்னா மட்டும், மாட்டேன் மிஸ்னு சொல்லு. அன்னிக்கு சாயங்காலம் வேன் வேண்டாம், கேட்டுக்கு வெளியில நான் சைக்கிளோட நிப்பேன்."

வகுப்பில் ஒரே ஒரு முறை உங்களை அப்பா என்று கூப்பிட்ட,
உங்கள் மகன்
ரவி